வெட்ஜ்வுட் வந்துதான் விளக்கேத்தினாராக்கும்?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு நாள் பூரா ட்ரெய்னிங். வழக்கமான பவர்பாயிண்ட் சித்திரவதைதான். ஆணி புடுங்கற வேலை இல்லாம ஏசி ரூம்ல உக்காந்திருக்கலாமேன்னு போய்ட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப்பேர் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கிட்டிருந்த நேரத்துல ஒரு ஸ்லைடு வந்துச்சு. பழைய காலத்து வெள்ளைக்காரர் படம். கீழ ஜோசையா வெட்ஜ்வுட்னு பேரு.

ட்ரெய்னிங் குடுத்தவர் சொன்னது இதுதான்: "இவர் வர்றதுக்கு முன்னாடி இங்கிலாந்துல பானை செஞ்சவங்க எல்லாம் எழுத்தறிவில்லாத, குடிச்சிட்டுத் திரியற கும்பல். திங்கக்கிழமை வேலைக்கே வரமாட்டாங்க. குடிசையில உக்காந்து ஏதோ மண்ணைப் பிசைஞ்சிட்டிருந்தாங்க. இவர் வந்து மணியடிச்சார், வருகைப் பதிவு வெச்சார், வேலையைப் பிரிச்சுக் குடுத்தார். ஒரே தலைமுறையில உலகத்தரம். இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது? ப்ராசஸ் முக்கியம்!"

எனக்குத் தூக்கம் போயிடுச்சு. காரணம், கொஞ்ச நாளா என் வார இறுதிகளை விழுங்கிக்கிட்டு இருக்கற விஷயமே இந்தக் குயவர்கள்தான். ப்ராஜெக்ட் வேலையா ஆறு மாசம் மான்செஸ்டர் பக்கம் இருந்தேன். மழை பேஞ்ச ஒரு சனிக்கிழமை, வேற போக்கிடம் இல்லாம ரயிலேறி ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போய், ஹான்லியில இருக்கற பாட்டரீஸ் மியூசியத்துக்குள்ள நுழைஞ்சேன். அங்க பதினேழாம் நூற்றாண்டு மண்தட்டு முன்னாடி நின்னவன்தான், இன்னும் முழுசா வெளிய வரலை. வந்ததுலேர்ந்து கையில கிடைச்சதையெல்லாம் படிச்சிட்டிருக்கேன். நான் வரலாற்று அறிஞன் எல்லாம் கிடையாது. பொட்டி தட்டுற ஆளு. ஆனா தப்பான டேட்டாவைக் காட்டி ஒருத்தர் முடிவு சொன்னா கை அரிக்கும்.

அங்கேயே கையைத் தூக்கியிருக்கணும். தூக்கலை. அப்ரைசல் நேரம் மக்கா :-) அதான் இங்க வந்து கொட்டறேன்.

*

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. வெட்ஜ்வுட் பொறந்தது 1730. சொந்தமா தொழில் ஆரம்பிச்சது 1759. அந்தப் புகழ்பெற்ற எட்ரூரியா தொழிற்சாலை திறந்தது 1769 ஜூன்ல.

இப்ப 1763-க்கு வாங்க. பர்ஸ்லம் பகுதிக்கு ஒழுங்கான சுங்கச் சாலை வேணும்னு பார்லிமென்டுக்கு ஒரு மனு போகுது. அதுல என்ன எழுதியிருக்கு? பர்ஸ்லத்துலயும் அக்கம்பக்கத்துலயும் கிட்டத்தட்ட 150 பானைத் தொழிற்கூடங்கள் இருக்கு, சுமார் 7,000 பேருக்கு இதுல பிழைப்பு நடக்குது, சரக்கு லிவர்பூல், பிரிஸ்டல், ஹல் துறைமுகங்கள் வழியா வெளிநாட்டுக்குப் போகுது. இந்தச் சாலைக்காக முன்னாடி நின்னு ஓடியாடி வேலை பார்த்தவர்கள்ல ஒருத்தர் யாரு? நம்ம வெட்ஜ்வுட்டேதான்!

எட்ரூரியா கட்டறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி 150 கூடம், 7,000 பேரு, ஏற்றுமதி. மனுவுல கொஞ்சம் ஊதிப் பெருக்கியிருப்பாங்கன்னே வெச்சுக்கோங்க, பாதியா வெட்டுங்க. அப்பவும் அது குடிசைக் கும்பல் கிடையாது, ஒரு தொழில் வட்டாரம்.

இன்னும் பின்னால போவோம். 1686-ல ராபர்ட் ப்ளாட்னு ஒருத்தர் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன் மியூசியத்தோட முதல் பொறுப்பாளர் அவர். பர்ஸ்லத்துல பானை எப்படிச் செய்யறாங்கன்னு நேர்ல பார்த்து எழுதியிருக்கார். பானை உடம்புக்கு நாலு வகைக் களிமண். மேல பூ வேலை போடற குழம்புக்கு மூணு வகை, அதோட நிறத்தை வெச்சுப் பேரு. பெரும்பாலும் ஊரைச் சுத்தி அரை மைலுக்குள்ளயே கிடைக்கற மண்ணு. எதை எதோட கலக்கணும், ஈயத்தாதுவை எப்படிப் பொடிச்சுத் தூவி மெருகேத்தணும், சுமார் எட்டடி உயரம் ஆறடி அகலத்துல சூளை, 24 மணி நேரச் சூடு, அப்புறம் முதுகுல சுமந்து நாடு பூரா கொண்டுபோய் விக்கற வியாபாரிங்க. எல்லாம் இருக்கு. ஏழு வகை மண்ணைப் பிரிச்சு அறிஞ்சு வெச்சிருந்தவங்களுக்கு 'ப்ராசஸ்' தெரியாதாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வெண்ணெய்ப் பானை. லண்டன் வியாபாரிகளோட ஆளுங்க அட்டாக்ஸிட்டர் சந்தையில வெண்ணெய் வாங்குவாங்க. வெண்ணெய் நிறைச்சு வர்றது பர்ஸ்லத்துல செஞ்ச நீள உருளைப் பானையில. பானையோட எடை ஆறு பவுண்டுக்கு மேல போகக்கூடாது, உள்ள குறைஞ்சது 14 பவுண்டு வெண்ணெய் பிடிக்கணும். 1660-கள்ல இதுக்குப் பார்லிமென்ட் சட்டமே போட்டிருக்கு. ஏன்னா அவ்வளவு தில்லுமுல்லு நடந்திருக்கு. சரியா வேகாத பானை ஈரத்தைக் குடிச்சு எடை கூடும். மேலாக்க நல்ல வெண்ணெய், அடியில மட்டம். அதனால வாங்கறவங்க ஒரு சோதனை ஆளை வெச்சு, இரும்பு ஊசி மாதிரி ஒரு கருவியைச் சாய்வா அடிவரைக்கும் குத்தி எடுத்துப் பார்த்திருக்காங்க. க்யூஏ டீம்ங்க! அளவு நிர்ணயம், தரச் சோதனை, சட்டம், தரகர், தலைநகர் வரைக்கும் சப்ளை. வெட்ஜ்வுட் பொறக்கறதுக்கு ஏறக்குறைய எழுபது வருஷம் முன்னாடி.

அடுத்து 1693. லண்டன் பக்கத்துல ஃபுல்ஹாம்ல ஜான் ட்வைட்டுன்னு ஒருத்தர். 1672-லயே கல்பானை செய்யறதுக்குக் காப்புரிமை வாங்கி வெச்சிருந்தவர். தன் காப்புரிமையை மீறிட்டாங்கன்னு கேஸ் போடறார். யார் மேல? எலர்ஸ் சகோதரர்கள், நாட்டிங்ஹாம்ல ஒருத்தர், அப்புறம் பர்ஸ்லத்துலேர்ந்து மூணு பேர். அந்த மூணு பேரோட குடும்பப் பேரு என்ன தெரியுமா? வெட்ஜ்வுட்! ஆரன், தாமஸ், ரிச்சர்ட். மண்ணைப் பிசைஞ்சிட்டிருந்த குடிகாரக் கும்பல் மேல காப்புரிமைக் கேஸ் போடற அளவுக்கு லண்டன்காரருக்கு என்னங்க பயம்?

ஜோசையா ஆகாயத்துலேர்ந்து குதிக்கலை. பரம்பரைக் குயவர் வீட்டுப் பிள்ளை. 1744-ல சொந்த அண்ணன்கிட்டயே தொழில் பழகச் சேர்ந்தவர். பிற்பாடு 1754-லேர்ந்து தாமஸ் வீல்டன்கற பெரிய கைகூட பங்காளியா இருந்து கத்துக்கிட்டவர். அவருக்கு ஒண்ணுவிட்ட முறையில வர்ற தாமஸ், ஜான்னு ரெண்டு வெட்ஜ்வுட்டுகள் வெள்ளைக் கல்பானை வித்துச் சம்பாதிச்ச காசுல 1750 வாக்குல பர்ஸ்லம் நடுவுல ஒரு செங்கல் மாளிகை கட்டினாங்க. பேரே 'பெரிய வீடு'. இன்னமும் நிக்குது. அப்ப ஜோசையாவுக்கு வயசு இருபது.

*

சரி, அப்ப அந்தக் 'குடிசை, வறுமை, காட்டுமிராண்டி' சித்திரம் எங்கேர்ந்து வந்துச்சு? இதுதான் நான் இந்தப் பதிவு எழுத உக்காந்ததுக்கே காரணம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1782-ல விளைச்சல் மோசம். 1783 மார்ச்ல தானிய விலை எகிறிக் கிடக்கு. எட்ரூரியா பக்கத்துல கால்வாய்ல மாவும் பாலாடைக்கட்டியும் ஏத்தின படகு வந்து நிக்குது. அந்தச் சரக்கு இங்க இறங்காம மான்செஸ்டருக்குப் போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் ஜனங்க கூடிட்டாங்க. படகைப் பிடிச்சு, அவங்க நியாயம்னு நினைச்ச விலைக்குச் சரக்கை வித்துட்டாங்க. அப்புறம் பட்டாளம் வந்துச்சு, கைது, வழக்கு. ஸ்டீபன் பார்லோங்கறவரைத் தூக்குல போட்டாங்க.

அதே மாசம் வெட்ஜ்வுட் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி அச்சடிச்சு விடறார். பானைத் தொழில் வட்டாரத்து இளைஞர்களுக்கு அறிவுரை. சாரம் இதுதான்: உங்க அப்பா அம்மாகிட்ட போய்க் கேளுங்க, அவங்க சின்ன வயசுல இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு. எங்க பார்த்தாலும் வறுமை, வீடெல்லாம் குடிசை, நிலமெல்லாம் தரிசு, ரோடு கிடையாது. இப்ப பாருங்க, நல்ல கூலி, புது வீடு, சாலை, கால்வாய். இதெல்லாம் உழைப்பாலயும் ஒழுங்காலயும் வந்தது, கலவரம் பண்ணிக் கெடுத்துக்காதீங்க.

புரியுதா மக்களே? நம்ம ட்ரெய்னிங் ஸ்லைடுல இருக்கற அந்த 'முன்பு - பின்பு' படம் ஒரு முதலாளி கலவரம் நடந்த சூட்டோட தொழிலாளிகளை அடக்கறதுக்காக எழுதின அறிவுரை! பசியால படகைப் பிடிச்ச ஜனங்களுக்கு, "உங்க அப்பன் காலத்துல இதைவிட மோசமா இருந்தீங்க, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க"ன்னு சொன்ன பிரசுரம். அதை ஆதாரமா எடுக்கறது, கம்பெனி ஹெச்ஆர் அனுப்பற மெயிலைப் படிச்சிட்டு அந்தக் கம்பெனியோட வரலாறு எழுதற மாதிரி.

இருபது வருஷம் முன்னாடி 1763 மனுவுல சாலை வேணும், அதனால 150 கூடம் 7,000 பேருன்னு பெருமை. 1783 பிரசுரத்துல அடங்கிப் போகணும், அதனால குடிசை வறுமை. ரெண்டுலயும் சம்பந்தப்பட்டவர் ஒரே ஆளு. எழுதற காரணம் மாறும்போது கடந்த காலமும் மாறிடுது பாருங்க.

இதோட விட்டிருந்தா பரவாயில்லை. அப்புறம் வந்தவங்க அதையே பிடிச்சுக்கிட்டாங்க. 1961-ல நீல் மெக்கென்ட்ரிக்ங்கற வரலாற்றாசிரியர் வெட்ஜ்வுட்டோட தொழிற்சாலைக் கட்டுப்பாட்டைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரைதான், ரொம்பப் பிரபலம். ஆனா அதுல பேசற குரல் பெரும்பாலும் வெட்ஜ்வுட்டோட கடிதங்கள். தொழிலாளி கடிதம் எழுதி வெச்சா அதைப் பத்திரப்படுத்த மியூசியம் யார் கட்டினா? அந்தக் கட்டுரையிலேர்ந்து மேனேஜ்மென்ட் புத்தகம், புத்தகத்துலேர்ந்து ஸ்லைடு, ஸ்லைடுலேர்ந்து நம்ம தலை.

*

இன்னொரு கோஷ்டி இருக்கு, கதை சொல்லிகள். 1829-ல சிமியன் ஷாங்கறவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் பானைத் தொழில் வரலாறுன்னு ஒரு புத்தகம் எழுதினார். வயசானவங்க வாயிலேர்ந்து நிறைய விஷயம் சேகரிச்சிருக்கார், அதுக்கு நன்றி. ஆனா அதுல மூணு கதை இருக்கு.

ஒண்ணு: உப்பு மெருகைக் கண்டுபிடிச்சது எப்படி? ஒரு பண்ணை வீட்டு வேலைக்காரப் பொண்ணு பன்றிக்கறி பதப்படுத்த மண்சட்டியில உப்புத்தண்ணி காய்ச்சினாளாம். அது பொங்கி, சட்டி பழுத்து, மேல பளபளன்னு மெருகு ஏறிடுச்சாம். அய்யா சாமி, உப்பு ஆவியாகி மண்ணுல இருக்கற சிலிக்காவோட சேர்ந்து கண்ணாடிப் படலம் ஆகறதுக்கு சுமார் 1,200 டிகிரி வேணும். வீட்டு அடுப்பு எந்தக் காலத்துல அந்தச் சூட்டைத் தொட்டுச்சு? ஜெர்மனியில ரைன் நதிப் பக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த வித்தை இருந்தது, அந்தச் சரக்கு கப்பல் கப்பலா இங்கிலாந்து வந்துட்டிருந்தது.

ரெண்டு: எலர்ஸ் சகோதரர்களோட தொழில் ரகசியத்தைத் திருட ஜான் ஆஸ்ட்பரி பைத்தியக்காரன் மாதிரி நடிச்சு வேலைக்குச் சேர்ந்தாராம். மூணு: அதே ஆஸ்ட்பரி குதிரையில போகும்போது குதிரைக்குக் கண்வலி வந்துச்சாம். சத்திரத்துக் குதிரைக்காரன் சுட்ட சக்கிமுக்கிக் கல்லைப் பொடி பண்ணிக் கண்ணுல ஊதினானாம். அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துத்தான் களிமண்ணுல கல்பொடி கலக்கற யோசனை வந்துச்சாம்.

மூணு கதையிலயும் ஒரு பொது அம்சம் கவனிச்சீங்களா? தற்செயல், திருட்டு, தற்செயல். குயவன் யோசிச்சான், பரிசோதனை பண்ணினான், பத்து சூளை கெட்டு பதினோராவது சரியா வந்துச்சுங்கற வாய்ப்பே கிடையாது. வெட்ஜ்வுட் பண்ணினா அது ஆராய்ச்சி. அவர் தாத்தா காலத்து ஆள் பண்ணினா குதிரைக்குக் கண்வலி.

*

"சரி தம்பி, எழுதி வெக்காதவங்களைப் பத்தி எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். 'அநாமதேயக் கைவினைஞர்கள்'னு ஒரு வார்த்தையைப் போட்டு முடிச்சிடறாங்க பாருங்க, அது சோம்பேறித்தனம். எழுதாத ஆளும் அரசாங்கத்து நோட்டுல எங்கயாவது மாட்டியிருப்பான்.

பர்ஸ்லம் பக்கத்துப் பழைய ஆதாரம் ஒண்ணு 1448-ல வருது. ரெண்டு ஆடம்ஸ் சகோதரர்கள் பொதுச் சாலை ஓரமா களிமண் தோண்டினதுக்கு அபராதம்! ஜமீன் கோர்ட் ஏட்டுல இருக்கு. அபராதம் கட்டினதால அழியாத பேரு. அப்புறம் 1538-லேர்ந்து சர்ச் பதிவேடு: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். செத்தவங்க வீட்டுல அண்டை அயலார் வந்து எழுதின சொத்துப் பட்டியல்: இத்தனை பசு, இவ்வளவு பார்லி, வேகாத பானை இவ்வளவு, ஈயம் இவ்வளவு. துறைமுகச் சுங்க ஏடு. கடைசியா, மண்ணுக்கடியில சூளைக்குப் பக்கத்துல கொட்டிவெச்ச சேதாரப் பானை ஓடுகள்.

இதையெல்லாம் இணைக்கறதுதான் வேலை. நம்ம பாஷையில சொன்னா, ப்ரைமரி கீ இல்லாத அஞ்சு டேபிளை ஜாயின் பண்றது. பேரு ஒவ்வொரு ஏட்டுலயும் ஒவ்வொரு ஸ்பெல்லிங். ஒரே ஊர்ல ஒரே பேர்ல அப்பன், மகன், சித்தப்பன் பையன். தொழில் என்னன்னு பல பதிவேடுகள்ல போடவே மாட்டாங்க.

நான் வாங்கின அடியைச் சொல்றேன். அச்சுல வந்த சர்ச் பதிவேட்டுப் படியிலேர்ந்து எக்ஸெல்ல ஏத்திட்டு, தேதி வாரியா அடுக்கினேன். பல குழந்தைங்க பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போயிருந்தாங்க! டிசம்பர் 1680-ல ஞானஸ்நானம், ஜனவரி 1680-ல அடக்கம். ஒரு ராத்திரி பூரா என் ஃபார்முலாவைத் திட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, 1752 வரைக்கும் இங்கிலாந்துல சட்டப்படி வருஷம் பொறக்கறது மார்ச் 25. அவங்க ஜனவரி 1680 நமக்கு ஜனவரி 1681. பக் என் தலையில.

இன்னொரு பொறி, அடுப்பு வரி. 1662-லேர்ந்து 1689 வரைக்கும் வீட்டுல எத்தனை அடுப்போ அத்தனைக்கு வரி. அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு "பாருங்க, குயவன் வீட்டுல ஒரே ஒரு அடுப்பு, பரம ஏழை"ன்னு சுலபமா முடிவு கட்டிடலாம். ஆனா அந்தச் சட்டத்துல சூளைக்கு வரி விலக்கு. அவனோட முக்கியமான சொத்து எதுவோ அது அந்தக் கணக்குல வரவே வராது! ஒரு ஏடு எதை எண்ணலைங்கறதைப் பார்க்காம எண்ணினதை மட்டும் படிச்சா இப்படித்தான்.

பொறுமையா தேடினா கிடைக்கும்ங்கறதுக்கு கென்ட் மாவட்டத்து ராத்தம் ஒரு உதாரணம். 1612-லேர்ந்து 1739 வரைக்கும் வருஷம் பொறிச்ச பானைகள் அங்கேர்ந்து வந்திருக்கு. மேல வெறும் ரெண்டு இனிஷியல். 'யாரோ வாங்கினவங்க பேரா இருக்கும்'னு சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம். சர்ச் ஏடு, உயில் எல்லாத்தையும் தோண்டினதுல ஜான் லிவர்மோர், ஜார்ஜ் ரிச்சர்ட்சன், ஹென்றி ஐஃபீல்டு, நிக்கோலஸ் ஹபிள்னு ரத்தமும் சதையுமா ஆளுங்க எழுந்து வந்தாங்க. இந்த அடையாளம் கண்ட வேலையில முக்கியமான கட்டுரை ஏ. ஜே. பி. கிடெல் 1954-ல எழுதினது.

எதிர் உதாரணமும் இருக்கு. லண்டன்ல பள்ளம் தோண்டற இடத்துலயெல்லாம் பக்தி வாசகம் எழுதின சிவப்பு மண் ஜாடி கிடைச்சுது. சேகரிப்பாளர்கள் 'மெட்ரோபாலிடன்' சரக்குன்னு பேர் வெச்சாங்க, தலைநகர்ல கிடைச்சதால. செஞ்சவங்க எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துல ஹார்லோ ஊர்க் குயவர்கள். பேரை மட்டும் லண்டன் எடுத்துக்கிச்சு.

வடக்கு டெவன் கதை இன்னும் அழகு. அமெரிக்காவுல வர்ஜீனியாவில ஜேம்ஸ்டவுன் குடியிருப்பைத் தோண்டினப்ப மேல்பூச்சைக் கீறிப் பூ வரைஞ்ச தட்டுகள் கிடைச்சுது. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலை. 1960-ல மால்கம் வாட்கின்ஸ்ங்கறவர் ஸ்மித்ஸோனியனுக்காக எழுதின ஆய்வுல, பார்ன்ஸ்டபிள், பிட்ஃபோர்டு சூளை ஓடுகளோடயும் துறைமுக ஏடுகளோடயும் ஒப்பிட்டு, வடக்கு டெவன் சரக்குதான்னு நிறுவினார். களிமண்ணுல ஆத்துச் சரளை கலந்த முரட்டுச் சட்டிகளும் அதே ஊர்தான். பதினேழாம் நூற்றாண்டுல அட்லாண்டிக் தாண்டி மார்க்கெட் பிடிச்சவங்க. எந்த ட்ரெய்னிங் ஸ்லைடுலயாவது இவங்க படம் பார்த்திருக்கீங்களா?

*

எதிர்க் கட்சிக்கும் நியாயம் சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க.

வெட்ஜ்வுட் மேதை. சந்தேகமே இல்லை. ஜாஸ்பர் பீங்கானுக்காக அவர் பண்ணின பரிசோதனைகள் ஆயிரக்கணக்குல. சூளைச் சூட்டை அளக்கக் கருவி செஞ்சு 1783-ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனவர். 1787-ல அடிமை வியாபாரத்துக்கு எதிரா பதக்கம் செஞ்சு பரப்பினவர். 1760-ல பர்ஸ்லம் வந்த ஜான் வெஸ்லி 1781-ல திரும்ப வந்துட்டு, இருபது வருஷத்துல இந்த இடம் எப்படி மாறிப் போச்சுன்னு வியந்திருக்கார். மாற்றம் நடந்தது நிஜம். பழைய குயவர்கள்ல பரம ஏழைகள் இருந்ததும், திங்கக்கிழமை மட்டம் போட்டதும் நிஜம்தான். (திங்கக்கிழமை ஆபீஸ் வர யாருக்குத்தான் பிடிக்கும்?)

அது மட்டுமில்ல, 1710-15 காலத்துல பர்ஸ்லத்துல யார் யார் பானை செஞ்சாங்க, வாரத்துக்கு எவ்வளவு மதிப்புச் சரக்கு, ஒரு சூளைக்கு எவ்வளவு மண்ணு, கரி, கூலின்னு பெரியவங்களைக் கேட்டு ஒரு பட்டியல் தயார் பண்ணி வெச்சவரும் சாட்சாத் வெட்ஜ்வுட்தான். லோர்னா வெதரில் 1660-லேர்ந்து 1760 வரைக்குமான நூறு வருஷத்தைப் பத்தி 1971-ல போட்ட புத்தகத்துக்கு அதுவும் ஒரு ஆதாரம். தொழில் படிப்படியா வளர்ந்தது வெட்ஜ்வுட்டுக்கு ரொம்ப முன்னாடியேன்னு அந்தப் புத்தகம் விளக்கமா காட்டுது. தன் நோட்டுப் புத்தகத்துல பெயர் பெயரா மரியாதையா எழுதி வெச்ச மனுஷர், கலவரம் வந்ததும் அவங்களையே குடிசைக்கூட்டம் ஆக்கினார். எனக்கு அவர் மேல கோபமில்லை. அவருக்கு ஒரு தேவை இருந்துச்சு. ஸ்லைடு போடறவருக்கு என்ன தேவை?

தெரியும். "நீங்க எல்லாம் ஒண்ணுமில்லாம இருந்தீங்க, ப்ராசஸ் வந்துதான் மனுஷன் ஆனீங்க"ன்னு சொல்ல ஒரு பழைய கதை வேணும். 1783-ல அதைக் கேட்டவன் கையில களிமண். இப்ப கேக்கறவன் கையில கீபோர்டு. எங்க டீம்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தப்ப, எந்த டாக்குமென்ட்லயும் இல்லாத ஒரு விஷயத்தை ஞாபகத்துலேர்ந்து சொல்லித் தூக்கி நிறுத்தினவர் ஒரு சீனியர் அண்ணன். அடுத்த மாசம் வந்த ரிப்போர்ட்டுல, 'மேம்படுத்தப்பட்ட செயல்முறை காரணமாக'ன்னு ஒரு வரி. அவர் பேர் எங்கயும் இல்லை. அவரைப் பத்தி யாராவது பிற்காலத்துல தேடினா அட்டெண்டன்ஸ் ஏட்டுல லேட்டா வந்ததுக்கான சிவப்புக் கோடு மட்டும்தான் கிடைக்கும். ஆடம்ஸ் சகோதரர்களுக்குக் களிமண் அபராதம் மாதிரி.

மியூசியத்துல நான் பார்த்த அந்தத் தட்டு ஒரு தாமஸ் டாஃப்ட் தட்டு. களிமண் குழம்பைக் குழாய் வழியா விட்டு எழுத்துப் போடணும். விட்டது விட்டதுதான், அழிச்சு எழுத முடியாது. விளிம்புல பெருசு பெருசா தன் பேரை எழுதி வெச்சிருக்கார். அந்தப் பேர் செஞ்சவனோடதா, வாங்கினவனோடதான்னு கூட ஒரு காலத்துல சண்டை போட்டாங்க. குயவன் தன் பேரைத் தானே எழுதியிருப்பான்னு நம்பறதுக்கே அவ்வளவு கஷ்டம் சில பேருக்கு.

அடுத்த தடவை யாராவது 'இவர் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் இருட்டு'ன்னு ஆரம்பிச்சா ஒரே ஒரு கேள்வி கேளுங்க சாமிகளா: இதை முதல்ல சொன்னது யாரு, எந்த மாசத்துல, யார்கிட்ட?

நானும் அடுத்த ட்ரெய்னிங்ல கையைத் தூக்கப் போறேன். அப்ரைசல் முடிஞ்சிருக்கும் :-)

டிஸ்கி: வெட்ஜ்வுட் கப்புல டீ குடிக்கற அன்பர்கள் கோவிச்சுக்க வேண்டாம். கப்பு நல்ல கப்புதான். கதைதான் வேகலை.